மூட இருபது நிமிடம் எடுத்த கணினி

எழுதத் தெரியாதவன் எழுதுகிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பதினோராம் வகுப்பு, அதாவது சாதாரண தரம், வரை படித்தவன். தமிழ்ப் பரீட்சையில் கட்டுரையா கடிதமா என்று கேட்டால் கடிதத்தைத்தான் எடுப்பேன்; முகவரிக்கும் திகதிக்குமே கால் பக்கம் போய்விடும். கல்முனையில் பல வருடமாகக் கணினி திருத்துகிறேன் என்பது ஒன்றுதான் எனக்குள்ள தகுதி. தொழில் பழகும் பிள்ளைகளுக்காக ஒரு சம்பவம் எழுதித் தாருங்கள் என்று பயிற்சி நிலையத்தில் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் சரி என்றேன்.

நன்றாகச் செய்த வேலையை எழுதினால் பெருமை பேசுவது போலாகும். ஆகவே பிழை விட்ட வேலையை எழுதுகிறேன்.

1. முதல் அழைப்பு

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். சுனாமி வந்துபோய் ஐந்து வருடம் கழிந்தும் எங்கள் கரையோரத்தில் வீடு கிடைக்காத குடும்பங்கள் இருந்தன. சிலர் தகரக் கொட்டில்களிலும் சிலர் சொந்தக்காரர் வீட்டு விறாந்தைகளிலும் காலம் தள்ளினார்கள். அவர்களுடைய பெயர்களைத் திரட்டி மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு அனுப்புவதற்காக முஸ்லிம்களும் தமிழர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். குழுத் தலைவரை எல்லோரும் ஹாஜியார் என்றே அழைப்போம். குழுவின் கந்தோர், அதாவது அலுவலகம், கடற்கரைப் பக்கம் ஒரு பழைய அரிசிக் கடையில் இருந்தது. கடல் வந்து கூரை மட்டும் நனையாமல் தப்பிய கட்டடம்.

அங்கே ஒரு கணினி. அதில் பெயர் பதிய பஸ்மிலா என்றொரு பிள்ளை. வயது இருபத்தைந்து இருக்கும். வாப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. உம்மாவோடும் இரண்டு தங்கைகளோடும் அவரும் ஒரு தகரக் கொட்டிலில்தான் இருந்தார். வீட்டுக்கு உழைக்கிறவர் அவர் ஒருவரே. கந்தோரைத் திறக்கவும் பூட்டவும் இஸ்மாயில் காக்கா இருந்தார்; எங்கள் பேச்சில் காக்கா, நானா இரண்டும் அண்ணன்தான்.

ஒரு திங்கட்கிழமை பஸ்மிலா அழைத்தார். கணினி விரைவாகத் திறக்கிறது, நன்றாக வேலை செய்கிறது, ஆனால் மூடத்தான் இருபது நிமிடம் எடுக்கிறது என்றார்.

"ஷட்டவுன் குடுத்தா நீலத் திரை வந்து அப்பிடியே நிக்கிது நானா. அது நிக்கிற வரைக்கும் நானும் நிக்கணும். இஸ்மாயில் காக்காவும் நிக்கணும்."

இஸ்மாயில் காக்கா எதற்காக நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பெண் பிள்ளைகளோடு கதைப்பதென்றால் நாக்கு எழும்பாது. ஆண்களோடும் பெரிதாக எழும்பாது. வைரஸ் பார்த்தேன். இல்லை. ஹாட் டிஸ்க் பார்த்தேன். பழுதில்லை. தேவையில்லாத கோப்புகளைத் துடைத்தேன். ஷட்டவுன் கொடுத்தேன். நீலத் திரை வந்தது, நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தேன். பஜாரில் ஒரு கடையில் கணினி திறக்கவேயில்லை என்று இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். திறக்காத கணினி இருக்கும்போது மூடாத கணினியின் வருத்தம் பெரிய நோயாகத் தெரியவில்லை.

எனக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. வாயால் சொல்ல வேண்டியதைத் துண்டுக் கடதாசியில் எழுதி, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போவேன். விளங்கப்படுத்தும் வேலை மிச்சம். அன்றும் ஒட்டினேன்.

"ஷட்டவுன் கொடுத்துவிட்டுப் போகலாம். தானாக நிற்கும். பயமில்லை."

2. வியாழக்கிழமை

மூன்றரை வாரம் போனது. வியாழக்கிழமை காலை ஹாஜியார் அழைத்தார்.

"தம்பி, கெதியா ஒருக்கா வாங்க. கொம்பியூட்டர்ல ஆரோ பேர் அழிக்கிறாங்க. ஆரெண்டு கண்டுபுடிக்கணும்."

போனேன். ஹாஜியார் கதிரையில் இருந்தார். அவருக்கு முன்னால் நடேசன் அண்ணன் நின்றார். பாண்டிருப்பைச் சேர்ந்தவர், மீன்பிடித் தொழில் செய்பவர், குழுவில் தமிழ்க் குடும்பங்களுக்காகப் பேசுகிறவர். பஸ்மிலா சுவரோரம் நின்றார். மேசையில் ஒரு பட்டியல். முந்தின நாள் பஜாரில் அச்செடுத்தது. திங்கட்கிழமை அது கச்சேரிக்குப் போக வேண்டும்.

அந்த மாதம்தான் பாண்டிருப்புப் பக்கப் பதிவு தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஜும்ஆத் தொழுகை காரணமாக எங்கள் முஸ்லிம் ஆட்கள் கந்தோருக்கு வரமாட்டார்கள், நெரிசல் இருக்காது என்பதால், வெள்ளியைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒதுக்கலாம் என்று நடேசன் அண்ணனே கேட்டு வாங்கியிருந்தார். சோதனைச் சாவடிகள் குறைந்திருந்தாலும், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே கல்முனைக்கு வரும் பழக்கம் அந்தச் சனத்துக்கு இன்னும் போகவில்லை. அவர்களைச் சமாளித்துக் கூட்டிவந்தவர் அவர்.

"மூண்டு வெள்ளி ஹாஜியார். பதினொரு குடும்பம். நான்தான் ஓட்டோல ஏத்திக் கொண்டு வந்த. இந்தக் கதிரையில இருந்துதான் பேர் குடுத்த. இப்ப ஒரு பேர் இல்ல. ஒண்டு ரெண்டு விட்டுப்போனா பிழை எண்டு சொல்லலாம். பதினொண்டும் போனா அதுக்கு என்ன சொல்ற?"

"கொஞ்சம் பொறுங்க நடேசன். பிள்ளைக்கிட்டக் கேட்டாச்சி. பேர அடிச்சன் எண்டு சொல்லுது."

"அடிச்சா எங்க?"

நடேசன் அண்ணன் பட்டியலில் விரல் வைத்தார்.

"நாலாம் நம்பர் ஆர்ட பேர் எண்டு பாருங்க. இந்தப் பிள்ளைட உம்மாட பேர். அது மட்டும் அசையாம இரிக்கி."

பஸ்மிலா அப்போதுதான் வாய் திறந்தார்.

"அது நான் வேலைக்கு வர முந்தியே எழுதின பேர்."

சத்தம் உயரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

ஹாஜியார் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இண்டைக்கு விளங்கணும். விளங்காட்டி பிள்ளைய நாளையில இரிந்து நிப்பாட்டத்தான் வேணும். நாலாம் நம்பரையும் விசாரண முடியுமட்டும் வெட்டி வெக்கணும். இல்லாட்டி ஊர்ல இந்தக் குழுவுக்கு முகம் இல்ல. யுத்தம் முடிஞ்சும் நாம இப்பிடித்தான் எண்டு கதைப்பாங்க."

அதாவது, அந்தப் பிள்ளையின் வேலை, வீடு, பெயர் மூன்றும் அன்று அந்த மேசையில் இருந்தன. நான் கணினியின் முன் இருந்தேன். என் துண்டு திரையின் ஓரத்தில் அப்படியே ஒட்டியிருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது கணினியின் நாட்குறிப்பு. ஒவ்வொரு கணினியும் எப்போது திறந்தது, எப்போது மூடியது, எது தடுக்கியது என்பதைத் தன் பாட்டில் எழுதிவைக்கும். பிள்ளைகளே, யாரையும் சந்தேகப்படுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். அதில் சிவப்பு அடையாளம் மூன்று இருந்தது. மூன்றும் ஒரே செய்தி: முன்னைய மூடல் எதிர்பாராதது. அதாவது, கணினி மூடி முடியுமுன்னே கரண்ட் போயிருக்கிறது. மூன்றும் வெள்ளிக்கிழமை. நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பத்துமூன்று.

திரையைப் பார்த்தபடியே கேட்டேன். "வெள்ளிக்கிழம எத்தின மணிக்குப் பூட்டுற?"

"ஜும்ஆவுக்கு முந்தி. பதினொண்டே முக்காலுக்கு நான் ஷட்டவுன் குடுத்துட்டுப் போயிடுவன்" என்றார் பஸ்மிலா.

"மறுகா நான் மெயின் சுவிட்ச நிப்பாட்டிட்டுத் தொழப் பள்ளிக்குப் போவன்" என்றார் வாசலில் நின்ற இஸ்மாயில் காக்கா.

"கொம்பியூட்டர் நிண்டதுக்குப் பிறகா?"

"அது நிக்கிறதப் பாத்துட்டிருந்தா பள்ளியில குத்பாப் பிரசங்கம் முடிஞ்சிடும் தம்பி. இது கடல் குடிச்ச சுவர். உள்ளுக்கு வயர் எப்பிடிக் கிடக்கெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மெயின நிப்பாட்டாம இந்தக் கட்டடத்த நான் ஒருநாளும் பூட்டின இல்ல."

"மத்த நாள்?"

"மத்த நாள் இந்தப் பிள்ள போன பிறகு பின்னேரம் அஸர் தொழுதுட்டு வந்து, பேப்பரையும் பாத்துட்டுத்தான் பூட்டுற. அதுக்குள்ள அது நிண்டுபோயிரிக்கும்."

பஸ்மிலா மெல்லச் சொன்னார்: "முந்தியெல்லாம் வெள்ளிக்கிழம பதினொண்டேகாலுக்கே வேலைய நிப்பாட்டிருவன். அது நிக்குமட்டும் இரிந்து பாத்துட்டுத்தான் போற."

முந்தியெல்லாம் என்றால் எதற்கு முந்தி என்று அவர் சொல்லவில்லை. துண்டின் பக்கம் பார்க்கவுமில்லை.

3. எது தடுத்தது

இரண்டு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. மூட ஏன் இருபது நிமிடம்? இடையில் கரண்ட் போனால் பெயர் ஏன் போகிறது?

இரண்டாவது எளிது. பட்டியல் மென்பொருளை எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் செய்துகொடுத்துவிட்டுக் கட்டார் நாட்டுக்குப் போயிருந்தார். அது அன்றன்று பதிவதைத் தனிக் கோப்பில் வைத்திருந்து, கணினி மூடும் கடைசிக் கட்டத்தில்தான் பெரிய பட்டியலில் சேர்க்கும். மறுமுறை திறக்கும்போது அந்தத் தனிக் கோப்பை வெறுமையாக்கிவிடும். சேர்க்குமுன் கரண்ட் போனால் அன்றைய பெயர் அவ்வளவும் போய்விடும். தொடர் எண் அச்செடுக்கும்போதுதான் விழும் என்பதால் பஸ்மிலாவுக்கு இடையில் தெரிய வழியில்லை. ஆட்கள் அடையாள அட்டையையும் கிராம சேவகரின் கடிதத்தையும் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுபோய்விடுவதால் கடதாசியிலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

முதலாவது கேள்விக்கு ஒரு மணித்தியாலம் போனது. கணினியில் பின்னணியில் ஓடும் சேவைகளை ஒவ்வொன்றாகக் கையால் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் நேரம் பார்த்தேன். எல்லாம் ஒரு நொடி, இரண்டு நொடியில் நின்றன. ஒன்று மட்டும் "நிறுத்தப்படுகிறது" என்று காட்டிக்கொண்டே இருந்தது. அது ஒரு பிரின்டரின் அப்டேட் சேவிஸ். அந்தப் பிரின்டரை ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்திருந்தது. பழுதாகி அதைத் தூக்கிப்போட்டு ஆறு மாதம். அதோடு வந்த மென்பொருள் மட்டும் உள்ளே இருந்தது. கணினி மூடும் ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று இன்டர்நெட்டில் கேட்கப் போகும். அந்தக் கந்தோரில் இன்டர்நெட் இல்லை. பதில் வரும் வரை நின்றுகொண்டே இருக்கும்.

அப்படி நிற்கும் சேவையைக் கணினி இருபது நொடியில் பலவந்தமாக நிறுத்திவிட வேண்டும். அந்த அளவு, கணினியின் அமைப்புகளை வைத்திருக்கும் றெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணாக இருக்கும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் 20000. அங்கே திறந்து பார்த்தேன். 1200000 என்றிருந்தது. பிரின்டரின் மென்பொருள் தன் வசதிக்காக மாற்றிவைத்திருக்க வேண்டும். நொடியாக இருந்த இடத்தில் நிமிடம். அதுதான் அந்த இருபது நிமிடம்.

நான் கண்டதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ஹாஜியார் இரண்டு முறை "சத்தமாச் சொல்லுங்க தம்பி" என்றது நினைவிருக்கிறது.

நடேசன் அண்ணன் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப கொம்பியூட்டரும் ஆள் பாத்துத்தான் அழிச்சிரிக்கி. எங்கட பேர அதுக்கும் தெரியும் போல."

ஹாஜியார் பஸ்மிலாவிடம் திரும்பினார்.

"மெஷின்ட பிழைதான். ஆனா பிள்ள, நீங்க முந்தி மாதிரி நிண்டு பாத்திரிந்தா இது நடக்காதே. பொறுப்பில்லாம வெச்சிட்டுப் போனா அதுக்கு நான் என்ன சொல்ற?"

பஸ்மிலா தலையைக் குனிந்துகொண்டார். இஸ்மாயில் காக்காவும் தன் காலைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு நான் போயிருக்கலாம். என்னிடம் கேட்ட கேள்விக்கு விடை சொல்லியாயிற்று. அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பேசத் தொடங்கினேன். வாய் வரவில்லை. ஒட்டியிருந்த துண்டைப் பிய்த்து ஹாஜியாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு உரத்து வாசித்தார். "பயமில்லை" என்ற சொல்லுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது ஆர்ட எழுத்து?"

"என்ட."

"எப்ப ஒட்டின?"

"மூண்டரக் கிழமைக்கு முன்ன. பிள்ள நிண்டு பாத்துட்டுத்தான் இரிந்த. போகலாமெண்டு நான்தான் எழுதி ஒட்டின. பிள்ளைட பிழை இல்ல. காக்காட பிழையும் இல்ல."

நடேசன் அண்ணன் சொன்னார்: "எல்லாரும் ஓராள ஓராள் காப்பாத்துறீங்க. நல்லதுதான். நான் போய் எங்கட சனத்துக்கு என்னத்தச் சொல்ற? ஒரு துண்டால பேர் போச்செண்டா?"

அவர் கேட்டது நியாயம். நான் சொன்னதை அவர் நம்ப வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. அப்போது ஒரு யோசனை வந்தது.

"நீங்களே ஒரு பேர் தாங்க அண்ணன். ஒரு வெள்ளிக்கிழமைய இப்பச் செஞ்சி பாப்பம்."

4. வியாழனில் ஒரு வெள்ளி

நான் எதையும் இன்னும் திருத்தியிருக்கவில்லை. முதலில் பட்டியல் முழுவதையும் ஒரு சீடியில் எடுத்துவைத்தேன். நடேசன் அண்ணன் வேறு யாருடைய பெயரையும் தரமாட்டேன் என்றார்.

"என்ட பேர அடி பிள்ள. கந்தையா நடேசன். பாண்டிருப்பு."

பஸ்மிலா அடித்தார். நடேசன் அண்ணன் குனிந்து எழுத்துக்கு எழுத்துப் பார்த்தார். ஷட்டவுன் கொடுத்தோம். நீலத் திரை வந்து நின்றது. ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்து ஏழு நிமிடம் எண்ணினார். இஸ்மாயில் காக்காவிடம் வெள்ளிக்கிழமை செய்வதைச் செய்யச் சொன்னேன்.

"ஜும்ஆ இல்லாத நாள்ல என்னால இந்த மெயின் இழுபடுமோ தெரியா" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். மேலே சுற்றிய ஃபேன் நின்றது. கணினியும் நின்றது.

திரும்பவும் கரண்ட் போட்டுத் திறந்து பட்டியலைக் காட்டினேன். பஸ்மிலா ஒவ்வொரு பக்கமாக இறக்கினார். கந்தையா நடேசன் இல்லை. அவர் இன்னொருமுறை பார்க்கச் சொன்னார். இல்லை.

"என்னையும் திண்டுட்டுது" என்றார் நடேசன் அண்ணன்.

இஸ்மாயில் காக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களத் திண்டும் அதுக்கு வயிறு நிறையல்லியே அண்ணன்" என்றார். ஹாஜியாரும் சிரித்தார். நடேசன் அண்ணன் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு முதன்முறையாக அமர்ந்தார்.

பிரின்டரின் மென்பொருளை முழுதாக நீக்கினேன். அப்டேட் சேவிஸ் போய்விட்டதா என்று பார்த்தேன். எண்ணை 20000 ஆக்கினேன். பெயரைத் திரும்ப அடித்தோம். இந்த முறை இருபத்தைந்து நொடியில் கணினி தானாக நின்றது. மெயினை நிறுத்தித் திறந்தோம். பெயர் இருந்தது. இன்னும் இரண்டு முறை செய்தோம். இருந்தது.

"இப்ப அத அழிச்சிடு பிள்ள" என்றார் நடேசன் அண்ணன். "எனக்கு வீடிரிக்கி. வேறாள்ட வீட்டுக்கு என்ட பேர் நிக்கப்படாது."

பஸ்மிலா அழித்தார்.

"நாலாம் நம்பரப் பத்திக் கதைச்சதையும் மனசில வெச்சிராத மகள்."

பஸ்மிலா பட்டியலைச் சரியாக அடுக்கிவைத்தார். பிறகு, "நாளைக்கு ஆக்களக் கூட்டிட்டு வாங்க மாமா. நான் ஏழு மணிக்கே வந்திருவன்" என்றார்.

நான் வெளியே வரும்போது ஹாஜியார் வாசல் வரை வந்தார். துண்டு அவர் கையிலேயே இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, இனி என்னத்தச் சொல்றெண்டாலும் வாயால சொல்லுங்க. நாங்க ஒண்டும் கடிக்கமாட்டம்."

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கணினி மூடச் சுணங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அதைச் சின்ன வருத்தம் என்று நினைக்காதீர்கள். அது எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்காக என்று கண்டுபிடிக்காமல் எழும்பாதீர்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழும்பினால் ஐந்து நிமிடத்துக்குரிய உண்மைதான் கிடைக்கும். கணினியைப் பார்ப்பதோடு நிற்காமல், அது இருக்கும் கட்டடத்தையும் கேளுங்கள்: யார் கடைசியாகப் போகிறார், யார் பூட்டுகிறார், வெள்ளிக்கிழமை என்ன நடக்கும். இதற்கெல்லாம் வாய் வேண்டும். எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். ஆனால் கேட்கிறேன்.

இன்னொன்று. பிழை உங்களுடையது என்றால், கேட்குமுன் சொல்லிவிடுங்கள். நான் கேட்ட பிறகும் கொஞ்சம் பிந்தித்தான் சொன்னேன். பஸ்மிலா அந்தத் துண்டைக் காட்டித் தப்பியிருக்கலாம். ஏன் காட்டவில்லை என்று அவரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொரு குடும்பத்தில் பத்துக் குடும்பம் வந்து பெயர் கொடுத்தது. வராதவர் தனியாக இருக்கும் ஓர் அம்மா. நடேசன் அண்ணன் ஓட்டோவோடு இரண்டு முறை போய்க் கூப்பிட்டார். ஒருதரம் பெயர் கொடுத்தது போதும் என்று அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டாராம்.